பில்தாத் சொன்னது

ஸ்ரீரங்கம்
11-8-1959

கர்த்தருக்குள் அன்பான பாக்கியநாதன் ஐயர் அவர்களுக்கு,

தோத்திரம். நான் வேலையில் இருந்த காலத்தில், கணக்கு வாத்தியார் அழகிரி ஐயங்கார் ஒருநாள் என்னிடம், "ஏன் டீச்சர், உங்க வேதத்திலே சாத்தான்கூடப் பேசறானாமே! அதுவும் வேதவாக்குதானா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் ரிட்டையரான பிறகு உங்களிடம் வந்து எபிரேயம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

மூன்று வருஷ வியாழக்கிழமைகள், ஐயா! போன வருஷம் முழுக்க யோபுவைத்தானே எழுத்துக்கூட்டி வாசித்தோம்? அப்படியிருக்க, உய்யக்கொண்டான் வாய்க்காலில் மூழ்கிச் செத்த பிள்ளை கிருபையின் அடக்கத்தில், பெற்றவள் மயிலம்மாளை நிற்க வைத்துக்கொண்டு, பிள்ளைகள் சாவது பாவத்தின் பலன் என்று அதே யோபுவின் எட்டாம் அதிகாரத்திலிருந்து எப்படிப் பிரசங்கித்தீர்கள்? அதைச் சொன்னது கடவுளா? அந்த அதிகாரத்தின் இரண்டாவது சொல்லே பேசுகிறவன் பெயர்: பில்தாத். பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவிடம் துக்கம் விசாரிக்க வந்து புண்ணைக் குத்தினவன். அவனும் அவன் கூட்டாளிகளும் பேசியது சரியில்லை என்று புத்தகத்தின் முடிவில் கடவுளே கோபப்படுகிறார்.

கோர்ட்டில் எதிர்வக்கீல் பேசியதைத் தீர்ப்பு என்று வாசித்தால், நிரபராதி ஜெயிலுக்குப் போவான். நீங்கள் செய்தது அதுதான்.

அக்னஸ்

புத்தூர்
13-8-1959

அன்புள்ள டீச்சரம்மா,

சமாதானம். ஆலெப் எது, பேத் எது என்று எபிரேய எழுத்தே தெரியாமல் வந்தவர், இன்று எனக்கே மார்க் போடுகிறீர்கள். சந்தோஷம்.

நான் சொந்தமாக எதையும் சொல்லவில்லை. என் கறுப்பு அட்டை நோட்டில் 'திடீர் மரணம், பிள்ளைகள்' என்ற தலைப்பின் கீழ் என் பெரிய குருவானவர் கைப்பட எழுதித் தந்த வசனம் அது. எத்தனையோ அடக்கங்களில் வாசித்திருக்கிறேன். ஒருவரும் குறை சொன்னதில்லை. வேதபாட வகுப்பு உங்கள் பொறுப்பு, பிரசங்க பீடம் என் பொறுப்பு. கோபத்தை ஆற்றிக்கொண்டு வியாழக்கிழமை வாருங்கள்.

பாக்கியநாதன்

ஸ்ரீரங்கம்
14-8-1959

ஐயர் அவர்களுக்கு,

வரமாட்டேன். இனி உங்களோடு ஒரு வரிகூட வாசிக்கமாட்டேன்.

ஒருவரும் குறை சொல்லவில்லையாம்! பிணத்தை வைத்துக்கொண்டு ஐயரோடு யார் வாதாடுவார்கள்? நேற்று உறையூருக்குப் போயிருந்தேன். மயிலம்மாள் சுருட்டு வேலைக்குப் போகவில்லை, அடுப்பும் மூட்டவில்லை. என்னைப் பார்த்ததும் காலைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரம்மா, நான் என்ன பாவம் பண்ணேன்னு நீங்களாவது சொல்லுங்க. எவ்வளவோ யோசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் தெரியல. தெரிஞ்சா, புள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டுக்குவேன்" என்றாள். "நீ ஒண்ணும் பண்ணலடி" என்றேன். "ஐயரே சொல்லிட்டாரே, அவரு படிச்சவரு" என்கிறாள்.

நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். காயப்படுத்திய வாய்தான் சொல்ல வேண்டும். நாம் எதற்காக ஐயா எபிரேயம் படித்தோம்? மகாநாட்டுக்கு வருகிற துரைமார்கள் முன்னால் இரண்டு சங்கீதம் ஒப்பிக்கவா?

அக்னஸ்

புத்தூர்
18-8-1959

டீச்சரம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஏறி எட்டாம் அதிகாரத்தைத் திறந்தேன். பில்தாத் என்ற பெயரை வாசிக்க வாய் வரவில்லை. இரண்டு பாட்டுப் பாடி சபையை அனுப்பிவிட்டேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1937இல் முசிறியில் நான் உபதேசியாராக இருந்தபோது எஸ்தர் என்று எங்களுக்கு ஒரு பெண் இருந்தாள். நான்கு வயது. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் அடக்கத்தில் பெரிய குருவானவர் இதே வசனத்தைத்தான் வாசித்தார். நான் "ஆமென்" என்றேன். அன்றிரவே என் பாவம் எது என்று தேடிக் கண்டுபிடித்தும் விட்டேன். தேடினால் யாருக்குத்தான் கிடைக்காது? இருபத்திரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் அதற்காக உபவாசம் இருக்கிறேன். வயிற்றுக் கோளாறு என்று என் மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எதிர்வக்கீல் பேச்சு என்று நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அப்படியானால் நான் இத்தனை வருஷம் சுமந்தது என்ன?

பாக்கியநாதன்

ஸ்ரீரங்கம்
19-8-1959

அன்புள்ள ஐயர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். என் கோபம் குறையவில்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு நின்ற ஒரு தகப்பனிடம் அதை வாசித்த மனிதர் மேல் போய் நிற்கிறது. எஸ்தர் காய்ச்சலால் செத்தாள், ஐயா. உங்களால் அல்ல. நீங்கள் சுமந்தது பில்தாத் ஏற்றி வைத்த சுமை. வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டம்மா கையால் சாப்பிடுங்கள். ஏன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஆனால் உங்கள் துக்கம் ஆறும்வரை மயிலம்மாள் காத்திருக்க முடியாது. அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கண்டுபிடித்தது போல் அவளும் எதையாவது கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் போக வேண்டும்.

பில்தாதும் கூட்டாளிகளும் ஒரு காரியத்தை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள். வந்த முதல் ஏழு நாளும் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல்.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உறையூருக்குப் போங்கள். "அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா" என்று அவளிடம் சொல்லுங்கள். பிறகு தரையில் உட்காருங்கள், வாயைத் திறக்காமல்.

அக்னஸ்