முருகனுக்கு இனி உதிரிப்பூ

நம் ஆர்.கே.புரத்துக்கு மெட்ரோ ரயில் வந்த வருஷம் அது. தகரத் தடுப்புகளை எடுத்ததும், "ரோடு இவ்வளவு அகலமா?" என்று நடுவில் நின்று பார்த்தாயே, அந்த வெயில் காலம். எனக்கு எழுத்துத்தான் தெரியாது. எது எப்போது நடந்தது என்பது மறக்காது.

இன்று காலை அந்த நாளே மல்லிகை வாசனையோடு படியிறங்கி வந்தது. மாடிவீட்டு மருமகள் தன் பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அதன் வாயோரம் பூக்கட்டிய நூல் தொங்கியது. "தாத்தா, இழுத்துரட்டுமா?" என்றாள்.

"தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் கீரைக்காரன் வண்டியை நிறுத்திவிட்டான். "இழுக்காதே, எதையும் ஊட்டாதே, டாக்டரிடம் ஓடு!" என்று விரட்டினேன். உன் குரல் எனக்குள் இருந்து கத்தியது போல இருந்தது.

அன்று நம் பூனைக்கு வெளியே எதுவும் தொங்கவில்லை. அதனால்தான் தடுமாறினோம். தின்றதைக் கக்கியது. பிறகு தண்ணீரைக்கூடக் கக்கியது. பால் கிண்ணத்தைத் தட்டினால் பாய்ந்து வருகிற பிராணி, கட்டிலுக்கடியில் முதுகைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அது வெளிக்குப் போகும் மண் தட்டும் தொடப்படாமல் கிடந்தது. எதிர்வீட்டு அக்கா, நம் தீதி, விளக்கெண்ணெயோடு வந்தாள். நீ வழிமறித்தாய். "ஏங்க, தண்ணியே உள்ள தங்கல, எண்ணெய் எங்க தங்கும்? ஆட்டோவைக் கூப்பிடுங்க!"

ஆட்டோவில் உன் மடியில் அதன் கண் செருகிக்கொண்டே போனது. நீ "ஜல்தி! ஜல்தி!" என்று கதறினாய். ஓட்டுகிறவர் திரும்பி, "மாதாஜி, யே ஆட்டோ ஹை, ஹவாயி ஜஹாஜ் நஹீன்!" என்றார். ஆட்டோவை விமானமாக்க முடியுமா என்கிறார்! அவருக்கு ஜல்தி என்றால் 'சீக்கிரம்'; நீ கூப்பிட்டது பூனையை அல்லவா? பால் காயும் முன்பே வந்து நிற்கிறதென்று அதற்கு ஜல்தி என்று பெயர் வைத்தவளே நீதானே. பெயரைக் கேட்டு அது கண் திறந்தது. வண்டியும் வேகம் பிடித்தது.

என்ன தின்றது என்று டாக்டர் கேட்டார். முருகன் படத்துச் சரத்தைக் காணோம் என்பது அப்போதுதான் உனக்கு உறைத்தது. பூவை ஹிந்தியில் 'ஃபூல்' என்று சொல்லத் தெரியாதவளா நீ? பதற்றத்தில் பாதி ஹிந்தி தொண்டையில் நின்றுவிட்டது. "டாக்டர் சாப், பூ! பூ!" என்றாய். ஹிந்திக்காரருக்கு அது நாற்றம். "பத்பூ?" என்று குனிந்து, முகர்ந்து பார்க்க அதன் வாயைத் திறந்தார், நாக்கைத் தூக்கினார். அடியில் நூல் சுற்றிக்கிடந்தது!

நான் கையை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு முனை நாக்கில், மறுமுனை குடலில். இழுத்தால் குடல் அறுந்துவிடும் என்றார். "பாவாடை நாடாவை இழுத்தா துணி சுருங்குமே, அப்படித்தாங்க உள்ள சுருங்கிக் கிடக்கு" என்று நீ என்னிடம் சொல்லி அழுதாய்.

வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் நீ வேண்டிக்கொண்டாய்: "முருகா, இது பிழைச்சா இனிமே உனக்கு உதிரிப்பூதான். கோவிச்சுக்காதே!" மயக்கம் தெளிந்து அது ஈனக்குரலில் கத்தியதும், "பார்த்தீங்களா, என் அரைகுறை ஹிந்திதான் காப்பாத்துச்சு!" என்று சிரித்தாய்.

மத்தியானம் மாடிவீட்டு மருமகள் மறுபடி ஓடிவந்தாள். குட்டி பிழைத்துவிட்டது! நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான்; சிரிப்பும் கண்ணீருமாக எழுதுகிறாள்.

உன் படத்துக்கு மாலை போடாத கஞ்சன் என்று உறவுக்காரர்கள் என்னை ஏசுகிறார்கள். ஏசட்டும். நீ வேண்டிக்கொண்டது உனக்கும் சேர்த்துத்தான். மலை மந்திர் கோயில் முருகனுக்கும் உதிரிப்பூ, உனக்கும் தட்டில் உதிரிப்பூ.

தீதி போய்விட்டாள். டாக்டரும் போய்விட்டார், அந்த ஆட்டோக்காரரும். நீயும். அன்றைய ஆட்களில் என்னோடு மிச்சமிருக்கிற ஒரே ஆள், இதோ, உன் படத்தடியில் தட்டிலுள்ள மல்லிகையை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது: ஜல்தி.