கட்டிலுக்கு அடியில் ஓடும் வேர்

அன்புள்ள மகளுக்கு,

நீ நலமாக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன், உடம்புக்கு வந்தால்தான் உனக்கு வீட்டு ஞாபகம் வரும். நானும் நலம். உன் அத்தை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதுபோல நான் உன் படத்தை உடைத்துக் குப்பையில் போடவில்லை, முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். குப்பைத் தொட்டியில் அவள் பார்த்தது சட்டத்தை மட்டும். அந்தச் சட்டத்தின் மூலைகள் ஒன்றோடொன்று சேரவில்லை, பின்னாலிருந்து ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருந்து என் கட்டைவிரலைக் கிழித்தது, அதனால் கழற்றி எறிந்தேன். படம் பத்திரமாக என் மேசைமேல் ஜன்னலோரம் அகராதியில் சாய்ந்து நிற்கிறது. உன் அத்தை முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல்முறையாக ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள், வந்தவள் என்னை நலம் விசாரிப்பதற்கு முன் தொட்டியை விசாரித்திருக்கிறாள். "ஐயையோ அண்ணி, பெத்த பொண்ணு போட்ட படத்தைப் போய் இப்படிப் பண்ணுவாங்களா" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். மேசைமேல் இருக்கிறது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார் என்றேன். பார்த்தாளோ இல்லையோ, அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் உன் அண்ணனுக்குச் செய்தி போய்விட்டது. அவன் அலுவலகத்திலிருந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கோபம்னா என்கிட்ட சொல்லும்மா, சாமான் மேல காட்டாதே" என்கிறான். நீ பதினாறு வயதில் கதவுகளை அறைந்து சாத்திக்கொண்டு திரிந்த காலத்தில்கூட நான் ஒரு கோப்பையை உடைத்ததில்லை. இப்போதா உடைக்கப் போகிறேன்.

அந்தப் படம் என்னிடம் எப்படி வந்தது என்று யோசிப்பாய். உனக்கு அது யாரோ ஒரு பல் டாக்டரின் கிளினிக் விலாசத்துக்கு விற்று அனுப்பிய படம். அவள் நம் கீழ்வீட்டில் குடியிருக்கிறாள், அவளிடம் சொல்லி வாங்கியது நான். உன் அத்தை மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கைபேசியில் அதைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஊசி போட வந்த நர்ஸிடம்கூட, "இதோ நிக்கிறாங்களே, இவங்கதான் அந்த மரம்" என்றாள். அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஊசியை மறந்துவிட்டாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், பிறர் கைபேசியில் எட்டிப் பார்க்கக் கூடாது, முழுசாக என் வீட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று. என் பேரில் கேட்டால் நீ அனுப்பமாட்டாய், அனுப்பினாலும் நாலு காரணம் சொல்லி வேறொன்றை அனுப்புவாய். பல் டாக்டர், "உங்க பொண்ணுன்னு சொல்லிடட்டுமா ஆன்ட்டி, விலை குறைப்பாங்க" என்றாள். சொன்னால் அடுத்த மாதம் நீ வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும் என்றேன். நல்ல பெண், வாயைத் திறக்கவில்லை.

பொட்டலத்துக்குள் ஓர் அட்டை வைத்திருந்தாய். கையால், மசியால், கோணல் இல்லாமல் எழுதியிருந்தாய். முகம் தெரியாத தோழிக்கு என்று ஆரம்பித்து, இது பிரிய மனமில்லாத படம் என்றும், காலை வெளிச்சம் விழும் இடத்தில் வையுங்கள் என்றும், உங்கள் வீட்டில் இது நிம்மதியாக இருக்கட்டும் என்றும் எழுதியிருந்தாய். பல் பிடுங்குகிறவளுக்கு இத்தனை அன்பு. எனக்கு நீ கடைசியாக அனுப்பியது ஒரு மஞ்சள் கட்டைவிரல். பிரிய மனமில்லாததை ஏன் விற்கிறாய் என்று கேட்கமாட்டேன், அது உன் பிழைப்பு. பிரிய மனமில்லாததைப் பிரிந்துதான் ஆக வேண்டுமென்றால் அதை முகம் தெரியாதவளுக்குத்தான் தர வேண்டுமா என்று மட்டும் கேட்கிறேன். உன் இணையப் பக்கத்தையும் பல் டாக்டர் காட்டினாள். காட்டுக்கு அடியில் பூஞ்சை இழைகள் மரத்துக்கு மரம் சேதி சொல்கின்றன, உலகத்தில் எதுவும் தனியாக இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். பூஞ்சை படித்த பாடம் உனக்கு ஏறவில்லை. உன் அத்தையின் முழங்காலைக் கழற்றிப் புதிதாக மாட்டியிருக்கிறார்கள், எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி நீ விசாரிக்கவில்லை. அவளுக்காக நான் வாதாடுகிறேன் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்.

இனி படத்துக்கு வருகிறேன். உள்ளங்கை அகலப் பலகையில் ஓர் அறையை முழுசாக அடைத்திருக்கிறாய், அந்தக் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஜன்னலோரச் செடியில் கீழ்க் கிளையில் இலைகள் எதிரெதிராக இருக்கின்றன, மேல் கிளையில் மாறி மாறி இருக்கின்றன. ஒரே செடிக்கு இரண்டு புத்தி கிடையாது. படுத்திருப்பவரின் விலா எலும்புக்குள் கூடு கட்டியிருக்கும் குருவிக்குப் பூச்சி பிடிக்கிற ஊசி அலகைக் கொடுத்துவிட்டு அதன் வாயில் நெல்மணியைத் திணித்திருக்கிறாய். உன் அண்ணனிடம் சொன்னேன். "அது சர்ரியலிசம்மா, கனவு மாதிரி, அப்படித்தான் இருக்கும்" என்றான். எனக்கும் கனவு வருகிறது, என் கனவில் நாற்காலிக்கு நான்கு கால்தான் இருக்கும். பொய்யான ஒன்றை நம்பும்படி வரைய வேண்டுமானால் சுற்றியிருக்கிற மற்றதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும். எங்கள் கான்வென்டில் ஓவியம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் தேவதையின் இறக்கையைப் போடச் சொல்லும்போதுகூட முதலில் வாத்தின் இறக்கையைப் பார்த்து வரையச் சொல்வார். இன்னொன்று, வார்னிஷ் காயுமுன் பொட்டலம் கட்டியிருக்கிறாய், மெல்லிய தாள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு இன்னும் வரவில்லை. காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலையில் அவசரம் கூடாது.

இதெல்லாம் சில்லறைத் தவறுகள். இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பெண்ணுக்காக. கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார், நெஞ்சு அலமாரிக் கதவுபோலத் திறந்திருக்கிறது, உள்ளே குருவிக்கூடும் சின்ன ஓடையும் இருக்கின்றன. பக்கத்தில் நாற்காலியில் ஒரு பெண். முகம் மரப்பட்டை, கண் இல்லை, வாய் இல்லை. அவள் பாதத்திலிருந்து வேர்கள் தரையோட்டின் இடுக்குகளில் ஓடி, ஒன்று மட்டும் கட்டிலுக்கு அடியில் புகுந்து கட்டில் காலில் ஏறி அவர் விலாவுக்குள் போகிறது. இதைப் பார்த்துவிட்டு உன் அத்தை, "எங்க அண்ணனை உறிஞ்சி எடுத்த மாதிரியே போட்டிருக்கா" என்று உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள். உன் அண்ணி நாகரிகமாக, "அவங்களா இருக்காது அத்தை, பொதுவா ஒரு பெண்" என்றாளாம். அந்தப் பொதுவான பெண் இடது கையில் கடிகாரத்தை முகப்பு உள்பக்கம் இருக்கும்படி கட்டியிருக்கிறாள். முப்பது வருஷம் விதைப் பரிசோதனை நிலையத்தில் முளைப்புத் தட்டுகளை இழுத்து இழுத்துக் கண்ணாடி கீறுகிறது என்று நான் அப்படித் திருப்பிக் கட்டினேன், வேலையை விட்ட பிறகும் அப்படியேதான் கட்டுகிறேன். நாற்காலியின் பின்சட்டத்தில் ஒரு குச்சி இல்லை, அதை உடைத்தது உன் அண்ணன். அப்புறம் அது யார், பக்கத்து வீட்டுக்காரியா. நானேதான்.

நீ அந்த அறையை எங்கிருந்து வரைந்திருக்கிறாய் என்று பார்த்தேன். வாசற்படியிலிருந்து வரைந்திருக்கிறாய். நீ நின்ற இடம் அது. மூக்கு ஒழுக, தொண்டை கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து இறங்கி வந்தாய், உன் அப்பாவுக்கு ஒரு சளி பிடித்தாலும் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார், நான் உன்னைப் படிக்கு வெளியே நிறுத்தினேன். அவர் உன்னைப் பார்த்து, "தும்பி, எப்போ வந்தே" என்று கேட்டார், நீ அங்கிருந்தே பதில் சொன்னாய், உன் விடுமுறை முடிகிறவரை நான் உன்னை உள்ளே விடவில்லை. அத்தை அதைக் கதவடைத்த கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், நீ அதைப் படமாகப் போட்டுவிட்டாய். நான் செய்ததற்கு ஒரு வார்த்தையும் வருந்தவில்லை. அதே நோயாளி, அதே சளி, அதே மகள் வந்தால் நாளைக்கும் கதவைச் சாத்துவேன். அதற்காக என்னை நீ வெறுத்தால் வெறுத்துக்கொள், அந்தக் கதவால் உன் அப்பா இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்தார். ஆனால் ஒன்று. நீ நின்ற இடத்திலிருந்து கட்டிலின் இந்தப் பக்கம் மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கத்தில் அவர் கை என் கடிகாரப் பட்டைக்குள் ஒரு விரலை நுழைத்துக்கொண்டு இருக்கும். எடுத்தால் விழித்துக்கொள்வார். அதனால் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், நீ பார்த்த அதே மரம் மாதிரி. அந்த மாதங்களில் எங்களில் யார் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று உன் அத்தைக்கும் தெரியாது, வாசற்படியில் நின்ற உனக்கும் தெரியாது.

தெரியாது என்று எழுதிவிட்டு, நிலையத்திலிருந்து கொண்டுவந்த பழைய லென்ஸை எடுத்துப் படத்தை ஓர் அங்குலம் விடாமல் பார்த்தேன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நீ நேரே நிலையத்துக்கு வந்து ஈரத்தாளில் முளைத்த விதைகளை இதே லென்ஸில்தான் பார்ப்பாய், தட்டைத் தொடாதே என்று உன்னை எத்தனை தடவை அதட்டியிருப்பேன். வேர் கிளம்புகிற இடம் தடித்திருக்கும், போகப்போக மெலியும், மெலிந்த முனை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் அது போகிறது, இது உனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே தெரியும். தரையில் ஓடுகிற மற்ற வேர்களை நீ சரியாகப் போட்டிருக்கிறாய். ஒவ்வொன்றும் பாதத்தில் தடித்துச் சுவரோரம் மயிரிழையாக முடிகிறது. கட்டிலுக்கு அடியில் போகிற அந்த ஒன்று மட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே தடிமன். பாதத்திலும் அதே, விலாவிலும் அதே. இலையிலும் அலகிலும் நீ செய்தது கவனக்குறைவு. இது அப்படி இல்லை. உன் கைக்கு வேர் வரையத் தெரியும், அந்த இடத்தில் மட்டும் நீ வேண்டுமென்றே தெரியாதவள்போல வரைந்திருக்கிறாய். அது அவரிடமிருந்து என்னிடம் வருகிறதா, என்னிடமிருந்து அவரிடம் போகிறதா. உறிஞ்சுகிறதா, ஊட்டுகிறதா. அத்தைக்கும் நர்ஸுக்கும் அவரவர் இஷ்டப்படி படித்துக்கொள்ள விட்டுவிட்டு நீ தூரிகையைக் கழுவி வைத்துவிட்டாய்.

கலையில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்காது என்று உன் அண்ணன் மாதிரி எனக்குச் சொல்லாதே. வாங்குகிறவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்ல வேண்டும். இதன் நகல்களை அச்சடித்து விற்கப் போவதாக உன் பக்கத்தில் அறிவித்திருக்கிறாய், யார் யார் வீட்டுச் சுவரிலோ நான் கண்ணும் வாயும் இல்லாமல் உட்காரப் போகிறேன். அதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். ஆனால் என்ன செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு உட்கார எனக்கு உரிமை உண்டு. பதில் எதுவாக இருந்தாலும் நான் அழமாட்டேன், யாரிடமும் சொல்லமாட்டேன், படத்தையும் மேசையை விட்டு எடுக்கமாட்டேன்.

மற்றபடி வீட்டில் விசேஷமாக ஒன்றுமில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரம் மறுபடி கசிகிறது, வந்த கொத்தனார் பூசிய இடத்திலேயே பூசிவிட்டுப் போனார். உன் அண்ணனுக்கு வேறு கிளைக்கு மாற்றல் வரும்போல இருக்கிறது, வாரத்துக்கு ஒருதரம் வருகிறவன் இனி மாதத்துக்கு ஒருதரம் வருவான், அதை எனக்கு நல்ல செய்திபோலச் சொல்கிறான். எனக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்கிறார்கள், அறுவை சிகிச்சை அடுத்த மாதம், நீ வரவேண்டிய அவசியம் இல்லை, வந்தால் சளி இல்லாமல் வா. நீ உட்கார்ந்து வரைகிற இடத்தில் விளக்கு இடது பக்கம் இருக்கட்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுந்து தூரத்தைப் பார். சட்டம் போடுகிறவனை மாற்று. உன் கையும் கண்ணும் கெடாமல் நீண்ட காலம் இருக்கட்டும், உன் வேலை உனக்குச் சோறு போடட்டும், கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். "அவரையும் வாசற்படியில் நிறுத்திவிடாதே" என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

தொலைபேசியில் கூப்பிடாதே, பேச்சில் நீயும் நானும் ஜெயிக்கத்தான் பார்ப்போம். மஞ்சள் முகங்களும் கட்டைவிரலும் வேண்டாம். அந்த அட்டையில் எழுதிய அதே பேனாவால், அதே கையெழுத்தில், அந்த வேர் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குப் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா