மெட்டோடு வந்த பேச்சு

என் தங்கமே,

நாங்கள் நலம். பதறிப்போய் டிக்கெட் போடாதே.

பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சே வராத உன் அப்பாவைத் தனியே விட மனமில்லாமல், நேற்று எங்கள் பாடகர் குழு ஒத்திகைக்கு அழைத்துப் போனேன். பழைய லத்தீன் ஜெபங்களுக்கு இசையமைத்த புது சிம்பொனி. ‘குளோரியா’ என்ற துதிப்பாடல் தொடங்கியதும் பின்வரிசையிலிருந்து புதுக் குரல் ஒன்று சேர்ந்துகொண்டது. குழுவை நடத்துபவர் கையை இறக்கிப் பாட்டை நிறுத்தினார்.

“யாருங்க அது? சுருதி சுத்தமா இருக்கே!”

உன் அப்பாதான்! நான் சமையலறையில் பாடிப் பழகியதைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார்.

வீட்டில் சாப்பிடும்போதும் அதே மெட்டில், “உப்பு கம்மி, உப்பு கம்மீ…” என்று பாடினார். வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அழுததை எழுதமாட்டேன்.

டாக்டர், “பாட்டு வழியாவே பேச்சு திரும்பலாம், பாடட்டும், விடாதீங்க” என்கிறார். காலையிலிருந்து உன் பெயரைப் பாடிப் பழகுகிறார். சீக்கிரம் போன் பண்ணு.

உன் அம்மா