மூன்று மாதத்துக்கு மட்டும்

சேசு மரி சூசை துணை

ஆம்பூர்

அன்புள்ள மகள் ஜெயசீலிக்கு,

அம்மா சவுரியம்மாள் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார்.

கோதுமைக்கு வரும் நோயை ஆராய்ச்சி செய்கிறவளை, படிப்புக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் மூன்று மாதம் வேலை பழகிவிட்டு வா என்று உங்கள் புனே காலேஜில் அனுப்புகிறார்கள். அது எனக்குப் புரிந்தது. மும்பையில் குழந்தைகள் புத்தகம் போடுகிற இடம் கிடைத்திருக்கிறது என்று குதித்தாயே! அதை விட்டுவிட்டு, நான் ஷூ தைக்கிற கம்பெனியின் ஆபீசைக் கேட்டு வாங்கியிருக்கிறாயாம். உனக்கென்ன பைத்தியமா?

பக்கத்து வீட்டு வஜீதா நேற்றே கேட்டுவிட்டாள், "இன்னாக்கா, சீலி படிப்ப உட்டுட்டு கம்பெனிக்கு வர்றாளாமே?" என்று. அவள் மேல் தப்பில்லை. ஆபீஸ் வேலையானாலும் ஏறப்போவது எங்களை அள்ளிப்போகிற அதே கம்பெனி வேன்தான். நம் தெருவில் அந்த வேனில் ஏறிய பெண் எவளும் திரும்பப் படிக்கப் போனதில்லை. பன்னிரண்டாவது முடித்ததும் என்னையும், மூன்று மாதம் மட்டும் போய் வா, பிறகு காலேஜில் சேர்க்கிறேன் என்று சொல்லித்தான் என் அப்பா ஏற்றிவிட்டார். இன்று காலையும் அதில்தான் போனேன்.

நீ ஏன் வருகிறாய் என்று எனக்குத் தெரியும். தம்பி உளறிவிட்டான். அப்பாவின் சர்க்கரைக்கு வைத்தியம் என்று நான் சொன்னதெல்லாம் உன் படிப்பு கெடக்கூடாதே என்றுதான். அப்பாவுக்கு வேலூரில் டயாலிசிஸ் நடக்கிறது. டாக்டர் முன்போல் தைரியம் சொல்வதில்லை.

வராதே என்று எழுதிவிடலாம். ஆனால் நீ வருவது தெரிந்ததிலிருந்து, தெருமுனையில் ஹாரன் கேட்டாலே அப்பா தலையைத் தூக்கி, "சீலி வந்துட்டாளா?" என்கிறார். இன்று அரை இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். அதை அவரிடமிருந்து பிடுங்க என்னால் முடியாது.

வா. வந்தவுடன் புனேவுக்குத் திரும்பும் டிக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிடு. மாதா படத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். அந்த நாளில் அப்பா எப்படி இருந்தாலும், இல்லாமலே போயிருந்தாலும், நீ ரயில் ஏறிவிட வேண்டும். போகாதே என்று நானே காலைப் பிடித்தாலும் கேட்காதே.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். பத்திரமாகத் திருப்பியும் அனுப்பட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா