மாமாவைப் பார்க்க வந்த ஹாலந்து அம்மா

பிப்ரவரி 4, புதன்

குண்டு மாமா, காலையில் நல்ல பனி. ஏரி இருக்கிற பக்கமே தெரியவில்லை. பால் லேட். ஒல்லிக்குச்சியான உன்னைக் குண்டு மாமா என்று கூப்பிட்டால் சிரிப்பாய். இப்போது இந்த டைரியில் மட்டும்தான் கூப்பிடுகிறேன்.

டைரி உனக்கு வந்தது. உன் பஸ் கம்பெனியில் டிரைவர்களுக்கு வருஷா வருஷம் தருவது. கவர் மேல் உன் பேர். ஐப்பசியில் நீ போய்விட்டது அனுப்பினவருக்குத் தெரியாது போல. திருப்பிக் கொடுக்க மனசில்லை. அஞ்சாம் கிளாஸ் எழுத்துதான், பரவாயில்லை, நீ ஒருத்தன்தானே படிக்கப்போகிறாய்.

வாங்க வேண்டியது: துவரம் பருப்பு, தீப்பெட்டி, விமலா செருப்புக்கு வார்.

சாயங்காலம் நம் பொண்ணு விமலா ஓடி வந்தாள், மூச்சு வாங்க. ஹாலந்து விஷயம். மேற்குத் தாம்பரத்தில் பேக்கரி மாடியில் ஆபீஸ் வைத்திருக்கும் பிரபாகர் சார், பிள்ளைகளை வெளிநாட்டுக் காலேஜுக்கு அனுப்புகிறவர், அவர் சொல்லி அனுப்பினாராம். அந்தக் காலேஜுக்கு எழுதின பரீட்சை பாஸ். இன்னும் ஒரே ஒரு படிதான். ஹாலந்து காலேஜிலிருந்து ஒரு அம்மா வருகிறார். ஆள் சேர்ப்பது அவர் பொறுப்பு. எந்த தேசத்திலிருந்து யாரை எடுப்பது, என்ன புதுப் படிப்பு ஆரம்பிப்பது, எல்லாம் அவர்தான் திட்டம் போடுவாராம். தண்ணீரைப் பற்றி இந்தப் புதுப் படிப்பு அவர் யோசித்ததுதான். இரண்டு வருஷம். பீஸ் கிடையாது, தங்குவதும் அவர்கள் செலவு. இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பெண்.

"அம்மா, பேரன்ட்ஸைப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்களாம். நீ வரணும்."

சரி என்றேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 5, வியாழன்

பனி இல்லை. எலெக்‌ஷன் ஆட்டோ மைக் சத்தம், தலைவலி.

என் தையல் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு வெட்டி முடித்து நேராக பிரபாகர் சார் ஆபீஸ். சுவரெல்லாம் பனி மலைப் படம். நல்ல மனுஷர். நாற்காலி போட்டார், டீ சொன்னார், பிறகு பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் இங்கேருந்து எடுத்த பொண்ணுங்கள்ல ரெண்டு பேரைப் பாதியில வீட்ல கூப்ட்டுக்கிட்டாங்க. ஒண்ணு கல்யாணம், ஒண்ணு அப்பாவுக்கு ஒடம்பு. அந்தம்மாவுக்கு அவங்க மேனேஜ்மென்ட்ல செம டோஸ். அதான் இந்த வருஷம் நேர்ல பாக்க வராங்க."

"சரிங்க சார்."

"அப்பா இல்ல, ஒரே பொண்ணு, அம்மா தனி. இதைக் கேட்டா என்ன நெனைப்பாங்க? இதுவும் பாதியில திரும்பிடும்னு நெனைப்பாங்க. அதனால..." நிறுத்தினார். "அப்பா டிரைவர், வெளியூர் போயிருக்கார்னு சொல்லிடலாம். நீங்களும் நெத்தி வெறுமையா வராம..."

என் நெற்றியைப் பார்க்காமல் பனி மலையைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. டீ ஆறிவிட்டது.

பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் மட்டும் சொன்னேன். "இதுல இன்னாடி கீது? வெச்சிகினு போ. பொண்ணு வாழ்க்கைடி. எவனாவது கேட்டா எங்கிட்ட அனுப்பு."

விமலாவிடம் சொன்னேன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். சாப்பிடவில்லை.

ஒன்று சொல்லட்டுமா மாமா. அந்தம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டால் நல்லது என்றும் ஒரு மனசு. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் குக்கர் விசில் எண்ணக்கூட ஆள் இல்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

வெயில். லீவு போட்டேன்.

புதுப் பொட்டு வாங்கவில்லை. பீரோ கண்ணாடியில் ராத்திரி ராத்திரி கழற்றி ஒட்டுவேனே, ஐந்தாறு இன்னும் அப்படியே இருக்கிறது. நீ இருந்தபோது ஒட்டியவை. அதில் ஒரு சிவப்பு. பசை போயிருக்கும் என்று நினைத்தேன். ஒட்டிக்கொண்டது.

ஸ்டேஷன் வாசலில் பூக்காரி: "அக்கா, மல்லி வாங்கிக்கினு போக்கா, வெள்ளிக்கெழம!" ஐப்பசிக்கு அப்புறம் எந்தப் பூக்காரியும் என்னைக் கூப்பிட்டதில்லை. அவர்கள் பார்வை என்னைத் தாண்டிப் போகும். இன்று நேராக என்னிடம். ஒரு முழம் வாங்கினேன். விமலா தலையில் வைத்தேன்.

ஹாலந்து அம்மா நல்ல உயரம். நரைத்த குட்டை முடி, காட்டன் சல்வார், இங்கே வாங்கியது போல. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிரபாகர் சார்தான் தமிழில் மாற்றிச் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார், மகள் போவதில் அவருக்குச் சம்மதமா?

"டிரைவருங்க, வெளியூர் போயிருக்கார்" என்பதோடு நிறுத்தச் சொல்லியிருந்தார் பிரபாகர் சார். நான் நிறுத்தவில்லை. "காலைல மொதல்ல எழுந்து அவர்தான் காபி போடுவார். பொண்ணுக்குப் பரீட்சைன்னா டிவிய மூடிட்டு வாசல்ல போய் உக்காந்துப்பார். பஸ்ல ஏறுறவங்ககிட்டயெல்லாம் எம் பொண்ணு பர்ஸ்ட் கிளாஸ்னு சொல்லுவார். சட்டையில எப்பவும் ஒரு பட்டன் இருக்காது." போடுவார், சொல்லுவார், இருக்காது. பேசப் பேச நீ வெளியூர்தான் போயிருக்கிறாய். ராத்திரி வந்துவிடுவாய். அத்தனை சந்தோஷமாக இருந்தது மாமா.

பிரபாகர் சார் மேஜைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். விமலா தரையைப் பார்த்தாள்.

அந்தம்மா சிரித்தார். "இந்த மனுஷனைக் கட்டாயம் பாக்கணும்னு சொல்றாங்க." சொல்லும்போது பிரபாகர் சார் முகம் செத்துவிட்டது. "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வரட்டுமான்னு கேக்கறாங்க."

பொட்டைக் கழற்றிப் பழைய இடத்திலேயே ஒட்டினேன்.

பிப்ரவரி 7, சனி

அரை நாள் வேலை. வடைக்கு உளுந்து ஊற வைத்தேன், பிறகு போண்டா போதும் என்று ஆயிற்று. உளுந்து தோசைக்கு.

பிரபாகர் சார் ஸ்கூட்டரில் வந்தார். உள்ளே வரவில்லை. "திடீர்னு திருப்பதி டிரிப்னு சொல்லிடலாம்மா. ஆனா அந்த போட்டோவ மட்டும்..." கூடத்தில் உன் படம். சந்தன மாலை, கீழே சிவப்பு பல்பு.

அவர் போனதும் விமலா வெடித்தாள். "நான் கழட்ட மாட்டேன். ஹாலந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். நேத்து அப்பாவ வெச்சிப் பேசினியே, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"எனக்கு நல்லாதான் இருந்துச்சு" என்றேன். அவள் அழுதாள். அப்புறம் நான்.

நானே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றினேன். சுவரில் நீ இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாக. அதைப் பார்த்தேன். திரும்ப மாட்டிவிட்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மூட்டமாக இருந்து பத்து மணிக்கு வெயில். வெங்காய போண்டா, தேங்காய்ச் சட்னி, காபி. சரோஜா அக்கா எவர்சில்வர் தட்டுகள் கொடுத்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டும் இருந்தாள்.

என் நெற்றியில் இன்று ஒன்றும் இல்லை. பிரபாகர் சார் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அந்தம்மா பார்த்தும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. போண்டாவை ஊதி ஊதிச் சாப்பிட்டார். அப்புறம் உன் படத்தின் முன்னால் போய் நின்றார். ஏதோ கேட்டார், சந்தோஷமாக.

பிரபாகர் சாருக்கு உயிர் வந்தது. "மாலை போட்டிருக்கே, ஏதாவது பரிசு வாங்கினாரான்னு கேக்கறாங்க!" உடனே அந்தம்மாவிடம், "எஸ் மேடம், எஸ் மேடம், பெஸ்ட் டிரைவர்!"

ஜன்னலில் சரோஜா அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு நாளாக எதை மறைக்க நாங்கள் உருண்டு புரண்டோமோ, அது அந்தம்மாவுக்குப் படிக்கவே வராத எழுத்து. பொட்டும் தெரியாது, மாலையும் தெரியாது. அப்படியே விட்டிருக்கலாம். நீயும் பரிசு வாங்கின ஆளாகவே இருந்திருப்பாய்.

ஆனால் அந்தம்மா உன் படத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஹலோ சொல்கிற மாதிரி. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"சொல்லுடி விமலா. அப்பா இல்லேன்னு சொல்லு."

"அம்மா..."

"சொல்லு."

சொன்னாள். இங்கிலீஷில் அது ரொம்பச் சின்னதாக இருந்தது. அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்தார். பிரபாகர் சார் போண்டாவையே பார்த்தார்.

பிறகு அந்தம்மா என்னை மட்டும் பார்த்துக் கேட்டார், விமலா மாற்றிச் சொன்னாள். "நீ தனியா இருப்பியேன்னு கேக்கறாங்க. ஒடம்பு முடியலன்னா என்னைக் கூப்ட்டுப்பியான்னு கேக்கறாங்க."

"கூப்பிடணும்னு தோணும்னு சொல்லு. தெனமும் தோணும். ஆனா கூப்பிட மாட்டேன்."

விமலா முதல் பாதி சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். மிச்சத்தை பிரபாகர் சார் சொன்னார், ஒழுங்காக, கூட்டாமல் குறைக்காமல்.

அந்தம்மா எழுதிக்கொள்ளவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்வதாகச் சொன்னார். ஆட்டோ ஏறும் முன் திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். சந்தன சோப்பு வாசனை.

பாத்திரம் தேய்க்க வந்த சரோஜா அக்கா: "பொய்யில அவ்ளோ தூரம் போயி கடசீல எறங்கிட்டியேடி. ஆனா ஒண்ணு, பெஸ்ட் டிரைவர்தான் அந்த ஆளு."

பிப்ரவரி 25, புதன்

எழுதவே இல்லை இத்தனை நாள். ஓவர்டைம். முழங்கை வலி. செருப்பு வார் போட்டாயிற்று.

மதியம் கம்பெனி கேட்டில் விமலா. வாட்ச்மேன் விடமாட்டேன் என்கிறான், இவள் வெளியிலிருந்தே கத்துகிறாள். பிரபாகர் சார் ஆபீஸுக்கு பேக்ஸ் வந்துவிட்டது. இவளை எடுத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் போக வேண்டும்.

கட்டிக்கொண்டேன். உள்ளே வந்து பிசிறு வெட்டினேன். ஒரு சட்டையில் துணியையே வெட்டிவிட்டேன். சூப்பர்வைசர் திட்டினான். காதில் விழவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

பனி முடிந்துவிட்டது. இனி வெயில்தான்.

விமலா எடுத்துப்போக: ஸ்வெட்டர், ஊறுகாய் (கசியாத டப்பா), குட்டி குக்கர், சாமி படம். கடைசியில் மெதுவாகக் கேட்டாள், "அப்பா படம் ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

சாயங்காலம் ஸ்டூடியோவில் காப்பி போடக் கொடுத்தேன். ஒன்று அவள் பெட்டிக்கு. பழையது திரும்ப இந்தச் சுவருக்கு. "மாலையோட எடுக்கணுமா, மாலைய எடுத்துட்டா?" என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். அவளுடையதில் மாலை வேண்டாம் என்றேன். அங்கே யாராவது பார்த்தால் வெளியூர் போயிருக்கிறாய் என்று இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து அரிசி களைந்தபடி யோசிக்கிறேன். ஆகஸ்டுக்கு அப்புறம் நீ எங்கே இருப்பாய் மாமா, அவளோடா, என்னோடா?