மரத்தில் செய்த கைப்பிடி

கறம்பக்குடி,
28.12.2025

அன்பு மருமகள் வனிதாவுக்கு,

அத்தை செவந்தி எழுதுவது. இங்கே எனக்கும் உன் மாமாவுக்கும் முழங்காலைத் தவிர வேறு குறையில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, டூட்டி பார்த்து, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது அத்தை எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று நினைப்பாய். புரட்டாசியிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் அழுவேன், நீ அழுவாய், கடைசியில் டவர் இல்லை என்று பொய் சொல்லி இரண்டு பேரும் வைத்துவிடுவோம். உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பிளெஸ்ஸி லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறாளாம். நேற்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் உட்கார்ந்து பேசினாள். உன்னைப் பற்றியும் சொன்னாள். அதைப் பின்னால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன்.

உன்னிடம் ஒரு பொருள் கேட்க வேண்டியிருக்கிறது. என் பிள்ளை கவி வைத்திருந்தானே, அந்த விமானக் கைப்பிடி. முழுக்கப் படித்துவிட்டு, தருவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

பள்ளிக்கூட மைதானத்தில் காட்சிக்கு நின்ற பழைய சண்டை விமானத்தை நீ மறந்திருக்கமாட்டாய். ஒரே ஆள் உட்காருகிற சின்ன விமானம். கல்யாணத்துக்கு மறுநாள் உன்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போடா என்றால், அவன் முதலில் அதனடியில் கொண்டுபோய் நிறுத்தினான். கஜா புயலில் நம் தென்னைகள் சாய்ந்தபோது அதுவும் பீடத்தைவிட்டு விழுந்தது. அப்புறம் ஒரு பக்க இறக்கையைத் தரையில் ஊன்றியபடியே கிடந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்கு அதனடியில் ஒதுங்குவார்கள். எடைக்குப் போட்டுவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது.

அந்த நேரத்தில்தான் ஆத்மநாதன் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். விமானப்படையில் விமானங்களுக்கு ரிப்பேர் பார்த்து ரிட்டயர் ஆனவர். இறக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, இதை நிமிர்த்தாமல் ஊருக்குப் போகமாட்டேன் என்று நின்றார். பள்ளியில் இயற்பியல் எடுக்கும் இசைவாணி டீச்சர் சேர்ந்தாள். சந்தைப்பேட்டை வெல்டர் ராக்கன் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமையானால் வேலை. சம்பளம் கிடையாது, சோறுகூட அவரவர் வீட்டுச் சோறு. பஸ் டிப்போவில் காலமெல்லாம் ஸ்பேனர் பிடித்த உன் மாமா சும்மா இருப்பாரா. டவுசரை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றார். மகன் போனதிலிருந்து வீட்டைவிட்டு இறங்காத மனுஷன் வெளியே கிளம்புகிறாரே என்று நானும் தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன்.

ஆத்மநாதன் ஒரு பிடிவாதக்காரர். டூப்ளிகேட் சாமான் ஒன்றுகூட அதில் ஏறக்கூடாதாம். "கெடைக்கலையா, எடம் காலியா இருக்கட்டுங்க. பொய்யா ஒண்ண மாட்டி வைக்கக் கூடாது" என்பார். ஆயுதபூஜைக்கு உன் மாமா என்ன செய்தார் தெரியுமா? முன்சக்கரத்துக்கு டயர் கிடைக்கவில்லை என்று லோடு ஆட்டோ டயர் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டி, விமானத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்து, நாலு பேரைவிட்டுத் தள்ளச் சொல்லி நசுக்கியும்விட்டார். ஆத்மநாதன் கற்பூரம் காட்டும்வரை பொறுமையாக இருந்தார். திருநீறு பூசிக்கொண்ட கையோடு டயரைக் கழற்றி ஓரமாக வைத்தார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் உன் மாமா அதையே சொல்லிப் புலம்பினார்.

அதன் பிறகு தேடாத இடமில்லை. டயர் பெங்களூரில் ஒரு காயலான் கடையில் கிடைத்தது. பைலட்டுக்கு முன்னால் இருக்கும் ஒரு மீட்டர் கோயம்புத்தூரில் ரிட்டயரான ஆபீசர் ஒருவர் வீட்டு ஷோகேஸில் இருந்தது. சீட்டு நார்த்தாமலைப் பக்கம் மோட்டார் கொட்டகை ஒன்றில் கிடந்தது. கொட்டகைக்காரர் முனியசாமி வருஷக்கணக்காக அதில் உட்கார்ந்துதான் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினாராம். "எனக்கு இதுல ஒக்காந்தாத்தான் முதுகு வலிக்காது, நான் எந்திரிக்க மாட்டேன்" என்றிருக்கிறார். ராக்கன் அவருக்குச் சாய்மானத்தோடு ஒரு இரும்பு நாற்காலி செய்து கொடுத்துவிட்டு வாங்கி வந்தான். இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்து, குடியரசு தினத்துக்குக் கொடியேற்றும்போது பீடத்தில் ஏற்றிவிடலாம் என்று நாள் குறித்தார்கள். எல்லாம் வந்துவிட்டது, பைலட் பிடித்துத் திருப்புகிற கைப்பிடி மட்டும் வரவில்லை.

அது எப்படி வரும். ஒன்பதாம் வகுப்பில் உன் புருஷன் அல்லவா அதைக் கழற்றிக்கொண்டு வந்தான். விமானத்தின் கண்ணாடி உடைந்த பிறகு பையன்கள் ஆளுக்கொன்றாகப் பிடுங்கினார்கள், இவன் பங்குக்கு இது. உன் மாமா காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரிடம் போனார். அந்த மகராசன் சிரித்துவிட்டு, "இங்க இருந்தா இதையும் எவனாவது பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவான், இவன்கிட்டயே இருக்கட்டும், பத்திரமா வச்சுக்குவான்" என்று திருப்பி அனுப்பினார். பத்திரமாகத்தான் வைத்திருந்தான். தலைமாட்டில் வைத்துத் தூங்கினான். விமானப்படையில் டெக்னீசியனாகச் சேர்ந்தபோது பெட்டியில் முதலில் வைத்தது அதைத்தான். விமானத்தை ஓட்டாவிட்டால் என்னம்மா, அதைத் தொட்டு வேலை பார்க்கிறேனே என்பான்.

டூட்டி முடிந்து வந்தவன் மேல் லாரி மோதி, அவன் போய், அவன் பெட்டி வந்த நாளை நான் எழுதப் போவதில்லை. உடுப்பை மடித்து, ஷூவைத் துடைத்து, இதையும் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். நீ வேறு எதையும் தொடவில்லை. இதை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாய். மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டியதையும் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு அதுவாவது மிஞ்சட்டும் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

இசைவாணி டீச்சர் பழைய பள்ளி ஆல்பத்திலிருந்து ஒரு போட்டோ கண்டுபிடித்தாள். அதில் கைப்பிடி தெளிவாகத் தெரிகிறது. கட்டைவிரல் வைக்கும் இடத்துக்குக் கீழே ஓரம் கொஞ்சம் உடைந்திருக்குமே, அதுவும் தெரிகிறது. அதைப் பெரிதாக்கி, இந்தக் கைப்பிடி யாரிடமாவது இருந்தால் கொடுத்து உதவுங்கள் என்று நோட்டீஸ் அடித்தார்கள். அதை ஊரெல்லாம் ஒட்டியது யார் என்று நினைக்கிறாய். உன் மாமாதான். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, உரக்கடை என்று சுவர் விடாமல் ஒட்டினார். கூடவே பெங்களூருக்கும் இரண்டு தடவை போய் அலைந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக இருக்கிறதே, வனிதாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று நான் சத்தம் போட்டேன். "அவகிட்ட இருக்கதே அது ஒண்ணுதான். அதையும் குடுன்னு கேக்க எனக்கு வாய் வராது. ஒனக்கு வந்தா நீ கேளு" என்றார். எனக்கும் அன்றைக்கு வரவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் உன் மாமாவைக் கூட்டிப்போக ஆத்மநாதன் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தார். கவி பத்தாவது படிக்கும்போது ஸ்டுடியோவில் எடுத்த படம் மாலையோடு இருக்கிறது அல்லவா. கையில் அந்தக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பெரிய பைலட் மாதிரி நிற்பானே. உடைந்த ஓரம்கூட அதில் அப்படியே தெரியும். மனுஷன் டம்ளரைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உன் மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஆத்மநாதன் கேட்டாரா? ஒன்றும் கேட்கவில்லை. மிச்சக் காபியைக் குடித்துவிட்டு, "காபி நல்லாருக்குங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வைத்துக்கொண்டு, "கைப்பிடிய ஆசாரிகிட்ட சொல்லித் தேக்குல கடஞ்சுக்கலாம். இதுக்கு மேல அலைய வேணாங்க" என்றாராம். ஆட்டோ டயரைக் கழற்றி வைத்த மனுஷனா இப்படிச் சொல்கிறார் என்று டீச்சருக்கும் ராக்கனுக்கும் ஒன்றும் புரியவில்லை. நோட்டீஸைக் கிழித்துவிடச் சொன்னதும் அவர்தான். ஆசாரி செய்து கொடுத்ததைக் கறுப்பு அடித்து மாட்டியும்விட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

அன்று உன் மாமா வீட்டுக்கு வந்து கைகால்கூடக் கழுவாமல் கொல்லையில் போய் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிடப் போனால் அழுதுகொண்டிருக்கிறார். கவியை எடுத்தபோதுகூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. "என் மகன் பேரு கெடக் கூடாதுன்னு அந்த மனுசன் தன்னோட சொல்லையே விட்டுட்டாரு செவந்தி" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறார். ஆனால் பைலட் உட்காரும் பக்கமாக ஏறிப் பார்ப்பதில்லையாம், டீச்சர் சொன்னாள்.

அதனால்தான் கேட்கிறேன், வனிதா. கைப்பிடியைக் கேட்டு எழுதுவது உன் மாமாவுக்குத் தெரியாது. தரமாட்டேன் என்றால் மரக் கைப்பிடியே இருந்துவிட்டுப் போகட்டும். இதைப் பற்றி யாரும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டோம், அத்தை சத்தியமாகச் சொல்கிறேன். அவன் பேர் கெடுமோ என்றும் யோசிக்காதே. ஹெட்மாஸ்டர் சொன்னதை நானே மைதானத்தில் எழுந்து நின்று சொல்வேன்.

இனிப் பிளெஸ்ஸி சொன்னதற்கு வருகிறேன். ஆனந்தராஜ் என்பவரைப் பற்றிச் சொன்னாள். லேபில் வேலை, பட்டுக்கோட்டைக்காரர், குடிப்பழக்கம் இல்லை, போன வருஷம் நீ காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர் என்று எல்லாம் சொன்னாள். மாசியில் பதிவு செய்துகொள்ளப் போகிறீர்களாம். அத்தை மாமாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் நீ போனை எடுக்கவில்லையாம். அடி பைத்தியக்காரி. இதைச் சொல்லவா இத்தனை மாதம் பயந்தாய்?

கேட்டதும் எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பெற்ற வயிறு, அதற்குப் புத்தி சொல்ல முடியாது. அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு உன் மாமாவிடம் போய்ச் சொன்னேன். "பட்டுக்கோட்டையா? நான் பஸ்ல போய் வந்த ஊருதான். நல்ல ஊரு" என்றார். அவ்வளவுதான் கேட்டார். உனக்கென்ன வயது ஆகிவிட்டது. எங்கள் இருவருக்காக நீ ஒரு போட்டோவோடு குடித்தனம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால் ஒரு பெண்ணாக எனக்கு ஒன்று தோன்றுகிறது. புது வீட்டில் அந்தக் கைப்பிடியை எந்த அலமாரியில் வைப்பாய்? வெளியே வைத்தால் அவருக்குச் சங்கடம், ஒளித்து வைத்தால் உனக்குச் சங்கடம். தூக்கிப் போட உனக்குக் கை வராது. இங்கே கொண்டுவந்தால் அது இருந்த இடத்திலேயே திருகாணி போட்டு இருக்கும். நீ எப்போது வந்தாலும் பார்க்கலாம், தொடலாம். கூரியரில் மட்டும் போடாதே. அதைக் கழற்றியவன்தான் இல்லை, அவன் பெண்டாட்டி கையாலாவது மாட்ட வேண்டும்.

கொடியேற்றம் திங்கட்கிழமை. அதே வாரம் வெள்ளிக்கிழமை கவிக்குப் படையல். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். படையலில் புது வேட்டி வைத்து, போன வருஷம் வைத்ததைப் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டு ஆம்பிளை ஒருவர் கட்டிக்கொள்ள வேண்டும். சாமிக்கு வைத்த துணி மடிப்புக் கலையாமல் கிடக்கக் கூடாது என்பார்கள். இத்தனை வருஷமும் உன் மாமாதான் கட்டினார். இந்த வருஷம் முடியாது என்று நேற்றுச் சொல்லிவிட்டார். "மகன் வேட்டிய அப்பன் கட்டுறது எத்தனை வருசத்துக்கு? இன்னொரு மகன் வாரான்ல, அவன் கட்டட்டும்" என்கிறார்.

அதனால் நீ தனியாக வராதே. இரண்டு பேருக்கும் டிக்கெட் போடு. அவருக்கு அளவெல்லாம் கேட்டு எழுத வேண்டாம், எட்டு முழம் எந்தப் பிள்ளைக்கும் சரியாக இருக்கும்.

உன்னை இந்த வீட்டுக்கு அழைத்து வந்தபோது ஆரத்தி எடுத்து உன்னை ஒரு வார்த்தை சொல்லி வாழ்த்தினேன். அது பலிக்கவில்லை. பலிக்கவில்லையே என்று அதன் பிறகு நான் யாருக்கும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. இப்போது மறுபடியும் உனக்கே சொல்கிறேன், தாயி. தீர்க்க சுமங்கலியாக இரு.

உன் அத்தை,
செவந்தி