கதவு திறக்கிற வேலை

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

கால் வீக்கம் வடிஞ்சுதா? மாத்திரையை நிறுத்திராதீங்க. நான் சுகம்.

இங்க சர்ச்சுல சின்னச் சண்டை, பயப்படாதீங்க. கலியன்னு ஒருத்தர், பக்கத்து ஊரு வளையமாதேவிக்காரர், நிலக்கரி மைன்ஸ்ல காண்ட்ராக்ட் வேலை. சனிக்கிழமை நைட் ஷிப்ட் முடிச்சு, காலையில நேரா ஆராதனைக்கு வந்து ஃபேனுக்குக் கீழ தூங்கிருவார். வாசல்ல வரவேற்கிறது என் பொறுப்பு. "அவன் காத்து வாங்கத்தான் வர்றான், உள்ள விடாத"ன்னார் செயலாளர் ஞானதாஸ்.

"அவர் எதுக்கு வர்றார்னு கர்த்தர் உங்ககிட்ட சொன்னாரா? மனசைப் பாக்கிறது அவரோட வேலை. என் வேலை கதவு திறக்கிறது"ன்னு எல்லாரும் கேக்கச் சொல்லிட்டேன். ஃபேனையும் அஞ்சுல வச்சேன். கலியன் கண்ணைத் திறந்து, "இன்னாம்மா, முடிஞ்சிட்ச்சா?"ன்னார்.

இனிமே நான் வாசல்ல நிக்க வேண்டாமாம். நிக்கல. அவர் பக்கத்துல போய் உக்காருவேன், யார் எழுப்புறாங்கன்னு பாக்கேன்.

கருப்பட்டி தீர்ந்துட்டு, யாராவது வந்தா கொடுத்துவிடுங்க.

அம்மா, இந்த ஊருக்கு வந்த புதுசுல நான் எதுக்கு சர்ச்சுக்குப் போனேன் தெரியுமா? ஆராதனை முடிஞ்சு யாராவது "சாப்ட்டியா"ன்னு கேப்பாங்கன்னுதான். அதை ஒருத்தரும் கண்டுபிடிக்கல. யாரும் கேக்கவும் இல்ல.

பதில் எழுதும்போது நீங்க கேளுங்க. ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நேரமாச்சு.

உங்க மகள்
ஜெபக்கனி